ஊசி எடுக்காமல் துணி மாடு: பொங்கலுக்கு எந்த முறை ஒத்துவரும்?

போன பொங்கல் நோம்பிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து துணி மாடுகள் படுத்திருந்தன. நிலைக்கு மேலே காப்புக் கட்டிய பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும், அதற்குக் கீழே வரிசையாக மாடுகள். பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, வந்துபோன சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுல தையலே காணமே?” என்று கேட்டார்கள். தையல் இல்லை. ஐந்திலும் ஒரு ஊசிக்குத்துகூடக் கிடையாது.

அதைப் பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருடம் கார்த்திகை முடிவதற்குள்ளேயே வந்துவிட்டாள். “அக்கா, எங்கிட்ட மெஷினும் இல்லீங்க, ஊசியைப் பசங்க கையில குடுக்கவும் பயமா இருக்குது. சாக்ஸ்ல பண்றாங்க, பசை வெச்சு ஒட்டறாங்க, முடிச்சுப் போடறாங்க. எதை எடுக்கறதுன்னே தெரியலீங்க்கா” என்றாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மூன்று வருடமாக இந்த முறைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்று நன்றாக வந்த இடத்தில் இன்னொன்று சொதப்பியது. யார் செய்கிறார்கள், எங்கே வைக்கப்போகிறோம், அடுத்த வருடத்துக்கும் வேண்டுமா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கட்டுத்தறி இருந்த இடத்தில் இப்போது வண்டி நிற்கிறது. பட்டிப் பொங்கலுக்குப் பிள்ளைகள் பெரியப்பா தோட்டத்துக்குப் போய், சாணத்தில் தெப்பக்குளம் கட்டுவதையும் மாடுகளை அதில் மிதித்துப் போகவிடுவதையும் எட்ட நின்று பார்த்துவிட்டு வருவதோடு சரி. கொம்பு எப்படி வளைந்திருக்கிறது, திமில் எங்கே தொடங்குகிறது என்று கையால் தொட்டு அறிய அவர்களுக்கு வழியில்லை. துணியில் ஒரு மாடு செய்ய உட்கார்ந்தால் அதெல்லாம் பார்த்தே ஆக வேண்டும். அதனால்தான் கடையில் வாங்கித் தொங்கவிடாமல் வீட்டில் செய்கிறோம்.

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் துணி. தைக்காத பொம்மைக்கு முதல் எதிரி ஓரம் பிரிவதுதான். வேட்டி, பழைய பருத்திச் சேலை, சென்னிமலை பெட்ஷீட் எல்லாம் தறித் துணி. கத்தரி பட்ட இடத்தில் ஊடும் பாவும் தனித்தனியாகக் கழன்று வரும். தைப்பவர்கள் ஓரத்தை மடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் ஓரம் பிரியாமல் மெஷினில் நூலைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடிப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பனியன் துணி அப்படியில்லை. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது. வெட்டினால் பிசிறு தள்ளாது, ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். திருப்பூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்தத் துணிக்குப் பஞ்சமா? பனியன் வெட்டியதுபோக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. ஆனால் கேட்கும்போது “பெரிய பீஸா வேணுங்க” என்று சொல்லி வாங்க வேண்டும். கழுத்து வெட்டிய வட்டமும் கை வெட்டிய பிறையும்தான் மூட்டையில் அதிகம் இருக்கும். கோயமுத்தூர், ஈரோடு, கரூர்க்காரர்கள் இதற்காக அலைய வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஒரு பெரிய ஆள் டி-ஷர்ட்டில் இரண்டு மாட்டுக்கு உடம்பு வெட்டலாம்.

பனியன் துணியிலும் மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண டி-ஷர்ட் துணி சிங்கிள் ஜெர்சி. இதை இழுபடும் பக்கமாக இரண்டு விரல்கடை அகலத்தில் நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். தட்டையாக இருந்த நாடா கண்ணெதிரே இரண்டு பக்கமும் உள்ளே மடங்கி, உருண்டையான கயிறாகிவிடும். என் அண்ணன் பையன் முதல் நாள் மாடு செய்வதையே மறந்து, ஒரு மணி நேரம் இந்தக் கயிறாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சுருளும் குணம்தான் கட்டுவதற்கு நல்லது, உடம்புக்கு ஆகாது. உடம்புக்கு இன்டர்லாக் எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாமல் தட்டையாகக் கிடக்கும், ஓட்டை போட்டால் சீக்கிரம் கண்ணி ஓடாது. மூன்றாவது ஃப்லீஸ், குளிருக்குப் போடும் பனியன் துணி. உட்பக்கம் பஞ்சு எழுப்பி மெத்தென்று இருக்கும். அதை உள்வெளியாகத் திருப்பினால் ஆட்டுக்குட்டிக்கு வேறு ரோமமே வேண்டாம். லைக்ரா கலந்த துணியை மட்டும் ஒதுக்குங்கள். பஞ்சு அடைக்க அடைக்க இழுபட்டு, மாடு பலூன் மாதிரி ஆகிவிடும்.

சரி, முறைகளுக்கு வருகிறேன். திண்ணையில் படுத்திருந்த ஐந்தும் சாக்ஸ் மாடுகள். மாட்டுக்கு என் முதல் தேர்வு இப்போதும் அதுதான்.

பள்ளிக்கூடத்துச் சாம்பல் நிற சாக்ஸ், பிள்ளைக்குச் சிறியதாகிப்போனது, ஒற்றையாய்க் கிடப்பது, எதுவும் போதும். அந்த நிறம் காங்கேயம் இனத்துச் சாம்பல் நிற மாட்டுக்கு, நாங்கள் மயிலை என்போம், அப்படியே பொருந்தும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளையாக வளரும்போது தலையும் கழுத்தும் திமிலும் கறுக்கும். அதனால் காவி நிறச் சாக்ஸ் கிடைத்தால் கன்று, சாம்பலில் மாடு, அதில் திமிலைச் சுற்றிக் கரியைத் தேய்த்தால் காளை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் வீட்டில் உள்ள சாக்ஸை எல்லாம் நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் மாட்டுக்குத் திமில் எப்படி வைப்பது என்றுதான் திணறினேன். உருண்டை பிடித்து மேலே கட்டினால் பிள்ளையார் கொழுக்கட்டை மாதிரி நின்றது. பிறகுதான் சாக்ஸின் குதிகால் கண்ணில் பட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு பை இருக்கிறது! விரல் பக்கம் முகம். அதில் ஒரு கைப்பிடி பஞ்சை அடைத்து, கழுத்தில் ஜெர்சிக் கயிறால் இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பக்கத்தை மேலே திருப்பி வைத்து, அந்தப் பையில் பஞ்சை நன்றாகத் திணித்து, அடியில் நூலைச் சுற்றி இறுக்குங்கள். கழுத்துக்குப் பின்னால், சரியாகத் திமில் இருக்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் சாக்ஸ் என்றால் அளவு கச்சிதமாக வரும். பெரியவர்கள் சாக்ஸில் விரலுக்கும் குதிகாலுக்கும் இடைவெளி அதிகம், திமில் நடு முதுகுக்குப் போய்விடும். கணுக்காலுக்கு மேல் உள்ள குழாய்தான் வயிறும் பின்பக்கமும். சாக்ஸின் வாயைக் கட்டும்போதே மூன்று கயிறு பின்னிய வாலையும் அதே முடிச்சில் சேர்த்துவிடலாம்.

கால் எங்கே என்பீர்கள். காலே வேண்டாம். நந்தி மாதிரி படுத்த மாடாகச் செய்யுங்கள். துணியை உருட்டி இரண்டு முன்னங்கால் மட்டும் மடக்கிக் கழுத்துக் கயிற்றில் செருகினால் போதும். ஊசியில்லாமல் நிற்கிற நான்கு கால் செய்ய நான் போராடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீண்.

கொம்புக்கு மட்டும் பெரியவர் கை வேண்டும். மெல்லிய கட்டுக்கம்பியைச் சாக்ஸின் கண்ணிக்குள் இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரத்துக்கு விட்டு, முனைகளை மடக்கி, கறுப்பு ஜெர்சி நாடாவைச் சுற்றுங்கள். காங்கேயம் கொம்பு வெளியே விரிந்து, பின்னுக்குப் போய், நுனிகள் ஒன்றையொன்று பார்த்து வளையும். போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு வளைக்கலாம். எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, வந்து பார்த்துவிட்டு, ஒரு கொம்பை மட்டும் விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளினார். “இப்பத்தான் மாடு” என்றார். உண்மைதான், அந்த ஒரு வளைவில் முகமே மாறிவிட்டது.

சாக்ஸில் குறை இல்லாமல் இல்லை. மாடு, பூனை, பன்றி போன்ற உருண்டை உடம்புகளுக்குத்தான் சரி. குதிரை, வரையாடு, மயில் எதுவும் வராது. ரொம்பத் திணித்தால் கண்ணி விரிந்து உள்ளே இருக்கும் பஞ்சு தெரியும். ரப்பர் பேண்டில் கட்டவே கூடாது. முதல் வருடம் அப்படிச் செய்தேன். பங்குனி வெயிலுக்குள் ரப்பர் காய்ந்து அறுந்து, பெட்டியைத் திறந்தபோது மாடெல்லாம் வெறும் சாக்ஸாகக் கிடந்தது.

அடுத்தது முடிச்சு முறை. சின்னக் கைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே வடிவத்தில் இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரம் முழுக்க ஒரு விரல்கடை அகலம், மூன்று விரல்கடை நீளத்துக்கு வெட்டிக்கொண்டே போக வேண்டும். குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். மேல் துணியின் குஞ்சத்தையும் கீழ்த் துணியின் குஞ்சத்தையும் இரட்டை முடிச்சுப் போட்டுச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு சாண் விட்டுப் பஞ்சை அடைத்து, மீதியையும் முடிந்தால் வேலை தீர்ந்தது. ஆறு வயதுப் பெண் தனியாகச் செய்கிறாள். முடிச்சுக்கு முடிச்சு இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்த்தால், இந்தக் குஞ்சத்தின் ஒரு முனையையும் அடுத்த குஞ்சத்தின் ஒரு முனையையும் சேர்த்து இன்னொரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அடைந்துவிடும்.

ஆனால் மாட்டுக்கு இது வேண்டாம். சுற்றிலும் குஞ்சம் நிற்பதால் எந்த உருவம் வெட்டினாலும் பிடரி வைத்த சிங்கம் மாதிரிதான் தெரியும். ஆடு, ஆந்தை, மீன், சூரியன், இவற்றுக்குக் குஞ்சமே அழகு. கருமத்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் தோழி வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு கேட்டார்கள். வழக்கமான வெள்ளைக் கம்பளி ஆட்டுக்குப் பதிலாக நம் மேச்சேரி ஆட்டின் செம்பழுப்பு நிறத்தில் இரண்டும், ஃப்லீஸ் துணியில் ஒரு வெள்ளைக் குட்டியும் முடிந்து கொடுத்தோம். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, ரோமம் குட்டை. அதனால் குஞ்சத்தைக் கட்டை விரல் நகத்தளவுக்கு நறுக்கிவிட்டோம். குடிலில் மாட்டுத் தொழுவத்து வைக்கோல்மேல் அந்தச் செம்பழுப்பு ஆடுகள் கிடந்த கிடப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாவது முறையைப் பற்றி அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. பாவாடைக்கு நாடா கோப்போம் அல்லவா, நாடா முனையில் ஊக்கைக் குத்தி? அதே வேலைதான். இன்டர்லாக் துணியில் உருவத்தை இரண்டு வெட்டி, சேர்த்து வைத்து, ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை உள்ளே சின்னச் சின்ன வெட்டுப் போட்டுக்கொண்டே வர வேண்டும். வெட்டுக்கு வெட்டு ஒரு விரல்கடை. ஜெர்சிக் கயிற்றின் முனையில் ஊக்கு மாட்டி, ஒவ்வொரு வெட்டிலும் கீழிருந்து மேலாக நுழைத்து ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தால், கூடை விளிம்பு கட்டியது போல உருண்டையான விளிம்பு ஒன்று உருவத்தைச் சுற்றி வரும். கயிறு, உருவத்தின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு நீளம் வேண்டும். குறைந்தால் கவலையில்லை, இன்னொன்றை முடிந்துகொண்டு முடிச்சை உள்ளே தள்ளிவிடலாம்.

இதில் உருவம் சிதையாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பார்த்துவிட்டு வந்த பையன் குதிரைதான் வேண்டும் என்று நின்றான். நாடா கோத்துத்தான் செய்து கொடுத்தேன். கழுத்து வளைவு அப்படியே நின்றது. வெளிக்கோட்டை வரைவதற்கு, வருடக் கடைசியில் கழற்றும் தினக் காலண்டர் அட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல அச்சு கிடையாது. கால், கழுத்து எதையும் மூன்று விரல்கடைக்குக் குறைத்து வரையாதீர்கள். விளிம்புக்கே இரண்டு பக்கமும் இடம் போய்விடும், பஞ்சு நுழையாது. வரையாட்டின் பின்னோக்கி வளைந்த கொம்பைக்கூட இந்த முறையில் எடுத்திருக்கிறேன், ஆனால் கொம்பைத் தடிமனாகத்தான் வைக்க வேண்டியிருந்தது.

நேரம் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். சாக்ஸ் மாடு ஒன்றுக்கு எனக்கு இருபது நிமிடம். முடிச்சு ஆட்டுக்குச் சின்னப் பெண்ணோடு சேர்ந்து முக்கால் மணி நேரம். நாடா கோத்த குதிரைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல். அப்புறம், இது தட்டையாகத்தான் இருக்கும். தொங்கவிடலாம், சுவரில் சாய்க்கலாம், தரையில் தானாக உட்காராது. ஊக்கை மூடிய நிலையில்தான் கோக்க வேண்டும், பத்து வயதுக்குக் கீழே இருந்தால் பக்கத்தில் உட்கார வேண்டும். ஊக்குக்கே பயமென்றால், நாடா முனையில் செலோடேப்பை இறுக்கிச் சுற்றி ஷூ லேஸ் முனை மாதிரி கூர் ஆக்கிக்கொள்ளலாம்.

பசையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தைக்காமல் செய்வது என்றாலே பலரும் சூட்டுப்பசைத் துப்பாக்கியைத்தான் முதலில் எடுக்கிறார்கள், ஏனென்றால் உடனே ஒட்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வருடம் ஒட்டிய மாடுகளை மேற்குப் பார்த்த சுவரில் மாட்டினேன். மதியம் மூன்று மணிக்குப் பசை இளகி, ஒரு மாட்டுக்குக் காது முகத்தில் தொங்கியது, இன்னொன்றுக்கு வயிறே திறந்துகொண்டது. உருக்கி ஒட்டும் பசை மறுபடி சூடு கண்டால் இளகத்தான் செய்யும். நம் ஊர்ச் சுவர்கள் தை மாதத்திலும் சுடும். பெரிய துப்பாக்கியின் பசை ஏறக்குறைய 190 டிகிரி வரை போகும், ஒரு சொட்டு விழுந்தால் விரல் கொப்பளித்துவிடும். சாதாரண வெள்ளைப் பசை சுடாது. ஆனால் காயும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், காய்ந்தபின் ஓரம் அட்டை மாதிரி விறைக்கும், மார்கழி தைப் பனியில் ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் பிசுபிசுக்கும். துணிக்கென்று விற்கும் பசை இவற்றைவிடத் தேவலை. ஒரு முழு நாள் காயவிட்டால் ஓரளவு நிற்கும். எனக்குப் பசை வேண்டியது மூக்கு, நெற்றிச் சுட்டி, கண்ணுக்கு வெட்டிய வட்டம், இவற்றை ஒட்டுவதற்கு மட்டும். பஞ்சின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய விளிம்பைப் பசையை நம்பி விடக்கூடாது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் நாடாவுக்கும் இதே சொல்தான்: மடிப்புக்கு நல்லது, அடைத்த பொம்மைக்கு அல்ல.

வெட்டவே மனமில்லை என்பவர்களுக்குத் துண்டு மடிப்பது உண்டு. ஒரு துண்டை இரண்டு பக்கமிருந்தும் உருட்டி மடக்கி நான்கு கால், இன்னொன்றில் தலையும் தும்பிக்கையும், ஐந்து நிமிடத்தில் யானை. டாப்சிலிப்பை ஒட்டிய கோழிகமுத்தி முகாமில் யானைகளுக்குப் பொங்கல் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்த வருடம், ஈரோட்டுத் துண்டுகளில் யானை வரிசை ஒன்று வைத்தோம். நோம்பி முடிந்ததும் பிரித்து, வந்த விருந்தாளிகளுக்குத் துண்டாகவே கொடுத்துவிட்டோம். ஒரு நாள் அலங்காரத்துக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை எடுத்து விளையாடினால் அத்தோடு அவிழ்ந்துவிடும்.

இனி உள்ளே என்ன அடைப்பது. இதில் தப்புச் செய்தால் மேலே சொன்ன எந்த முறையும் காப்பாற்றாது.

இலவம் பஞ்சுதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும், தலையணை அடைத்த பழக்கம். அது லேசு, சீக்கிரம் நீர் பிடிக்காது, கைக்குப் பட்டாக இருக்கும். ஆனால் வழுக்கும். நெருக்கமாகத் தைத்த தலையணையிலிருந்தே வெளியே வரும் பஞ்சு, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி விட்ட ஆட்டுக்குள் நிற்குமா? ஒரு நாள் அடைத்தோம், வீடு முழுக்க இழை பறந்து, அம்மிச்சி, அம்மாவின் அம்மா, தும்மித் தும்மி ஓய்ந்துபோனார். சாக்ஸுக்குள் வேண்டுமானால் அடைக்கலாம், அதுவும் வெளியே திண்ணையில் உட்கார்ந்து. ரெக்ரான் என்று கடையில் கேட்டு வாங்கும் பாலியஸ்டர் பஞ்சு தொங்கவிடுவதற்குச் சரி. எடை இல்லை, துவைத்தால் சீக்கிரம் காயும்.

எங்கள் பக்கத்தில் சும்மா கிடைப்பது பனியன் வேஸ்ட். அதையே அடைக்கலாம், ஆனால் அப்படியே திணித்தால் கட்டி கட்டியாக மாடு கல்லு மூட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு விரல் நீளத்துக்குச் சின்னதாக நறுக்க வேண்டும், ஓவர்லாக் அடித்த தையல் துண்டுகளை ஒதுக்க வேண்டும். நான் கண்ட வழி, நடுவில் நறுக்கிய வேஸ்ட், அதைச் சுற்றி ஒரு சுற்று ரெக்ரான். தொட்டால் மெத்தென்று இருக்கும், பஞ்சுச் செலவும் பாதி. எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ரெக்ரான் மட்டும் அடைத்த சாக்ஸ் மாடு என் சமையலறைத் தராசில் அறுபது கிராமுக்குப் பக்கம், வேஸ்ட் மட்டும் அடைத்தது இருநூறு கிராமைத் தொட்டது. தோரணத்தில் தொங்கினால் கயிறு நடுவில் வளைந்துவிடும். திண்ணையில் படுத்திருக்கும் மாட்டுக்கு அந்த எடை நல்லதுதான், காற்றில் உருளாது. இன்னும் அடிக்கனம் வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்த கூழாங்கல் நாலைந்தைத் துணியில் சுற்றி வயிற்றுக்குள் வையுங்கள். அரிசியும் கம்பும் போட்டு எலிக்கு வேலை வைக்காதீர்கள். வேஸ்ட் அடைத்ததை ராத்திரிப் பனியில் விட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் எந்தப் பஞ்சும் விலக்கில்லை. இலவம் பஞ்சு பொறி பட்டாலே பற்றும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். வாசலில் பொங்கல் வைக்கும் அடுப்புக்கும் அகல் விளக்குக்கும் ஐந்தாறு அடி தள்ளியே வையுங்கள். மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் கண், மணி, சலங்கை எதுவும் வேண்டாம், வாயில் போய்விடும். துணியில் எழுதும் மார்க்கரால் கண் வரைந்தால் போதும். கொம்புக்குக் கம்பி வைக்காமல் துணியை முறுக்கியே வையுங்கள், வளைவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இதைச் செய்து விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விற்பதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். அவளுக்கு நான்கு வயதில் ஒன்று, ஒன்பது வயதில் ஒன்று. திண்ணை கிடையாது, மாடி வீட்டுப் பால்கனிதான். கீழே வைக்க இடமில்லாததால் சாக்ஸ் மாடு இரண்டு மட்டும் பூசை அலமாரிக்குப் பக்கத்தில், நறுக்கிய வேஸ்ட் அடைத்தது. பால்கனிக் கம்பியில் தொங்க ஐந்து முடிச்சு ஆடும் ஒரு சூரியனும், ரெக்ரான் மட்டும் அடைத்தது. முடிச்சுப் போடுவது சின்னவன் வேலை, வெட்டுவது பெரியவள் வேலை. நாடா கோப்பது இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பெரியவளுக்குப் பொறுமை வந்ததும் பார்க்கலாம். பசை வாங்கவே வேண்டாம். அவள், “அப்ப மயிலு?” என்றாள். மயிலுக்கு முறை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தோகையை மட்டும் தறித் துணியில் பிசிறு விட்டே செய்தால் இறகு மாதிரி வருமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் நான்கு சுவரும் திண்ணையும் நேரமும் இருந்து, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்றால், நாடா கோத்த உருவங்களைச் சுவருக்கும் சாக்ஸ் மாட்டைத் திண்ணைக்கும் எடுங்கள். அரையாண்டு லீவின் முதல் நாளே துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டால் போகிக்குள் பதட்டமில்லாமல் முடியும். கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் ஆட்டோடு தொடங்குங்கள்.

பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பி முடிந்த மறுநாள் நாங்கள் மாடுகளின் கட்டை அவிழ்ப்போம். கழுத்து, திமில், வால், மூன்று கயிறுதான். பஞ்சை ஒரு பையிலும் கொம்பைத் தனியாக ஒரு டப்பாவிலும் போட்டுவிட்டு, சாக்ஸைத் துவைத்துக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை நாலு போட்டு மடித்து வைப்போம். ஐந்து மாடும் ஒரு ஷூ டப்பாவுக்குள் அடங்கிவிடும். போன வருடம் மட்டும் ஒன்றை அவிழ்க்க விடவில்லை. அப்புச்சி கொம்பு வளைத்துக் கொடுத்த மாடு அது. இப்போது என் பெண்ணின் தலைமாட்டில் படுத்திருக்கிறது.